குறியும் ஆற்றுப்படையும்: மென்பொருள் ‘வழிகாட்டி’யின் வரலாறு

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் 2011 முதல் மென்பொருட் பணி நடத்தி வருகின்றது. அங்கிருந்து குற்றாலம் நெடுந்தொலைவன்று. மென்பொருள் இயற்றுவார் எங்கிருப்பினும் எதிர்ப்படும் வினா ஒன்றுண்டு: செய்தி பலவற்றைக் கேட்டறிந்தே முடிக்கவேண்டிய வினையை, அவ்வினை அறியாதார் மருளாவண்ணம் எவ்வாறு அமைப்பது? இவ்வினாவிற்குக் கணிப்பொறியுலகம் கண்ட விடைகளுள் ஒன்று, ஒரு பக்கத்திற்கு ஒரு கேள்வியாகப் படிப்படியே நடத்திச் செல்லும் சாளர அமைப்பாகும்.

ஆங்கிலத்தார் இதற்கு ‘விசார்டு’, அஃதாவது மந்திரவாதி, எனப் பெயரிட்டனர். மைக்ரோசாப்டு நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ‘பப்ளிசர்’ என்னும் பதிப்பு மென்பொருளில் இவ்வமைப்பு இடம்பெற்றது. 1995-இல் வந்த ‘விண்டோசு 95’ இதனை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது. அச்சுப்பொறியை இணைக்கப் புகுவாரிடம், அஃது எந்நிறுவனத்தது, எவ்வாயிலில் பொருந்தியுள்ளது, அதற்கு இடும் பெயர் யாது, சோதனைத்தாள் வேண்டுமோ என அது முறையே வினவிற்று. ‘குனோம்’ குழுவினர் தம் அமைப்பினைத் ‘துருயிடு’ என்றனர். அது பண்டைக் கெல்த்தியப் பூசகர் பெயர். 2006-இல் அப்பெயர் மாறி, ‘உதவியாளர்’ எனப் பொருள்படும் சொல் அவ்விடத்தைப் பெற்றது. தமிழ் இடைமுகங்களோ ‘வழிகாட்டி’ என்றே வழங்குகின்றன. மந்திரத்தை விடுத்து வழியைப் பற்றிய இம்மொழிபெயர்ப்பு மூலத்தினும் செவ்விது என்பது எம் கருத்து.

எனினும், மந்திரவாதி என்ற பெயர்க்கும் காரணம் இல்லாமலில்லை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி எடுத்த எடுப்பிலேயே குறி சொல்லிவிடுவதில்லை. தரை மெழுகுதல், கோலமிடுதல், பிள்ளையாரை வைத்தல், விளக்கேற்றுதல் என ஒவ்வொன்றாகச் செய்வித்து, கைபார்த்து, தெய்வங்களை வேண்டிய பின்னரே குறி பிறக்கின்றது. வசந்தவல்லி செய்யவேண்டுவது, அவ்வப்போது சொல்லப்பட்டதை நிறைவேற்றுதலே. குறி பிறக்கும் நெறி சிங்கிக்கே உரியது. தொடக்ககாலச் சாளரங்களும் இத்தகையனவே.

ஆற்றுப்படை இதனின் வேறுபட்டது. பத்துப்பாட்டுள் ஐந்து, கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் உட்பட, இவ்வகையின. முன்னர் அவ்வழி நடந்து பரிசில் பெற்றோன், இனி நடப்பவனுக்கு நெறியையும் இடர்களையும் முன்கூட்டியே விளக்குகின்றான். நடப்பவனோ தன் காலால் நடக்கின்றான்.

இவ்வேறுபாடு நிரல் எழுதுவார்க்கும் பயன்படும். ‘கியூட்டி’ நிரற்றொகுதி 2007-இல் தன் 4.3 பதிப்பிற் சேர்த்த வழிகாட்டி வகுப்பு, ஒவ்வொரு பக்கத்திற்கும் ஓர் எண் அளித்து, அடுத்து வருவது எப்பக்கம் என்பதை, தரப்பட்ட விடைகளைக் கொண்டு கணித்துக்கொள்ள இடந்தருகின்றது. ஆதலின் பாதை ஒன்றாகவே இருத்தல் வேண்டா, கிளைக்கவும் செய்யலாம். இதிற்றான் இடர் தோன்றுகின்றது. மூன்றாம் பக்கத்தினின்று பின்னே சென்று முதல் விடையை மாற்றின், இடையில் அளித்த விடைகளுள் எவை நிற்பன, எவை வீழ்வன? இதனை முன்னரே எண்ணாத நிரலில் ‘பின்’ என்னும் பொத்தான் வெறும் ஒப்பனையே. வினையனைத்தும் இறுதிப் பக்கத்தில்தான் நிகழ்தல் வேண்டும் என்பதும் இதனோடு ஒட்டியது. அவ்வாறாயின், இடையில் கைவிட்டாலும் கணிப்பொறி முன்னிருந்தவாறே இருக்கும்.

ஆய்வேட்டைத் தட்டெழுதும் எம் மாணவர் பலர் ‘அடுத்து, அடுத்து’ எனப் படியாமலே அழுத்திச் செல்வதைக் கண்டுள்ளோம். அவர்களை மட்டும் குறை கூறுதல் தகாது. சிங்கியின் முன் கைநீட்டி நிற்பார்க்கு வேறென்ன வேலை? ‘விண்டோசு விசுட்டா’ வெளிவந்த காலத்தில் மைக்ரோசாப்டு தன் வடிவமைப்பு நெறிகளைத் திருத்தியது. வெற்று வரவேற்புப் பக்கம் தவிர்க்கப்பட்டது. ‘பின்’ பொத்தான் சாளரத்தின் மேல் இடமூலைக்குச் சென்றது. வினை நிகழும் பக்கத்தில் ‘முடி’ போன்ற பொதுச்சொல்லுக்கு மாறாக, நிகழவிருக்கும் வினையின் பெயரையே பொறிக்குமாறு பரிந்துரைக்கப்பட்டது. தமிழில் இத்திருத்தத்தின் தேவை இன்னும் மிகுதி. ‘முடி’ என்பது ஏவலாகவும் நிற்கும், மயிரையும் மகுடத்தையும் குறிக்கும். ‘அச்சுப்பொறியை இணைக்க’ என்று எழுதப் பொத்தானைச் சிறிது அகலமாக்கினாற் போதும்.