முகத்தில் வெளிச்சம் விழட்டும்



'இணையக் கூட்டத்தில் நம் முகம் ஏன் மங்கலாகத் தெரிகிறது?' என்பதுதான் இன்றைய கேள்வி. 'நல்ல கேமரா வாங்குங்கள்' என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால், வரலாறு வேறு பதில் சொல்கிறது.

டோபி காட்டிலிருந்தே தொடங்குவோம். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் பிராஸ் பசா ஓடையில் துணி துவைத்து, அருகிலிருந்த திடலில் உலர்த்திய இடம் அது. அவர்களுக்கு வெயில்தான் மூலதனம். அங்கேதான் 1939ல் கெத்தே திரையரங்கு எழுந்தது. அங்கும் மூலதனம் வெளிச்சமே. ஓர் ஒளிக்கற்றை இருட்டில் உலகத்தைக் காட்டியது.

படத்தைத் தொலைவுக்கு அனுப்ப முயன்றவர்களுக்கும் வெளிச்சமே முதல் சிக்கல். 1925ல் லண்டனில் ஜான் லோகி பேர்டு தம் தொலைக்காட்சிச் சோதனைக்கு ஒரு பொம்மைத் தலையைப் பயன்படுத்தினார். விளக்குகளின் சூட்டை மனிதர் தாங்க முடியாது என்பதே காரணம். சிங்கப்பூருக்குத் தொலைக்காட்சி வந்தது 1963 பிப்ரவரி 15ல். அதைத் தொடங்கி வைத்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த அமைச்சர் எஸ். ராஜரத்தினம்.

இணையக் கேமராவின் கதை ஒரு காப்பிப் பாத்திரத்தில் தொடங்குகிறது. காப்பி இருக்கிறதா என்று எழுந்து போகாமலே பார்க்க, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 1991ல் ஒரு கேமராவைப் பொருத்தினார்கள். 1993ல் அந்தப் படம் இணையத்தில் ஏறியது. 1994ல் கடைக்கு வந்த குவிக்கேம், 16 சாம்பல் நிறங்களை மட்டுமே காட்டியது. இன்றைய கேமராக்கள் எத்தனையோ மடங்கு மேல். பிறகும் முகம் ஏன் மங்குகிறது?

மடிக்கணினிக் கேமராவில் படம் பிடிக்கும் சில்லு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. வெளிச்சம் போதாவிட்டால், கிடைத்ததை அது செயற்கையாகப் பெருக்கிக் காட்டும். படம் புள்ளி புள்ளியாகும். படத்தைச் சுருக்கி அனுப்பும் மென்பொருள் அந்தப் புள்ளிகளையும் சுமப்பதால், முகத்தின் நுணுக்கம் தொலைகிறது. முதுகுக்குப் பின்னால் சன்னல் இருந்தால், கேமரா அந்த வெளிச்சத்துக்கே தன்னைச் சரிசெய்து கொள்ளும், முகம் நிழலாகிவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2020ல், கிருமிப்பரவல் முறியடிப்புக் காலத்தில், தஞ்சாவூரிலிருந்த பாட்டியை வீடியோவில் அழைத்தேன். விடுதிகளில் அடைபட்டிருந்த நம் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் அப்போது ஊர்முகம் கைப்பேசியில்தான். "குரல் கேக்குது, மூஞ்சி தெரியலையே" என்றார் பாட்டி. தினமும் நிலையத்தில் விளக்குகளுக்கு நடுவே நிற்கும் நான், வீட்டில் சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன்!

நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். செலவு ஒரு காசு இல்லை.

நீங்களும் சன்னலைப் பார்த்து உட்காருங்கள். இரவானால் மேசை விளக்கை முகத்துக்கு எதிரே, கண் கூசாதபடி வையுங்கள். நாலு புத்தகங்களை அடுக்கி, கேமராவைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். கண்ணாடி வில்லையை மெல்லிய துணியால் துடையுங்கள். இவ்வளவும் செய்தபிறகு வேண்டுமானால் புது கேமராவைப் பற்றி யோசிக்கலாம்.

நாற்காலியைத் திருப்பியதும் பாட்டி சொன்னது, "என்ன இப்படி இளைச்சுட்டே?" என்பதுதான். குரல் மட்டும் கேட்டிருந்தால் அதைச் சொல்லியிருப்பாரா?