கடல்வழிக்குப் பின் வான்வழி: திருச்சிராப்பள்ளி பன்னாட்டு விமான நிலையத்தின் வளர்ச்சி வரலாறு

இந்தியாவின் பெரும்பாலான விமான நிலையங்களில் உள்நாட்டுப் பயணிகளே மிகுதி. திருச்சிராப்பள்ளியில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. இங்கே வந்து போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கடல் கடந்து செல்பவர்கள், அல்லது கடல் கடந்து திரும்புபவர்கள். தமிழ்நாட்டில் வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கையில் சென்னைக்கு அடுத்த இடம் தொழில்வளம் மிக்க கோயம்புத்தூருக்கு அல்ல, திருச்சிக்கே உரியது. நகரத்தின் தொழில், வணிகம், மக்கள்தொகை ஆகியவற்றை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. இந்த விமான நிலையத்தை வளர்த்தவை இரண்டு: டெல்டா மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளிலிருந்தும் பல தலைமுறைகளாக நடந்துவரும் புலம்பெயர்வு ஒன்று, எந்த நாட்டு விமானம் இங்கே இறங்கலாம் என்று புது தில்லியில் எழுதப்படும் ஒப்பந்தங்கள் மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் வளர்ச்சியும் தேக்கமும் புரியும்.

நாகப்பட்டினமும் தனுஷ்கோடியும்

விமானத்துக்கு முன்பு கப்பல் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் பினாங்கு, சிங்கப்பூர் செல்லும் கப்பல்கள் நாகப்பட்டினத்தில் ஆளேற்றின. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிச் சென்ற தொழிலாளர்கள், வட்டித்தொழில் செய்யச் சென்ற நகரத்தார், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களின் முஸ்லிம் வணிகர்கள் எனப் பல தரப்பினரும் அந்தத் துறைமுகத்தின் வழியாகவே போனார்கள். மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் கூலித் தொழிலாளர் பயணத்தை இந்திய அரசு 1938இல் தடைசெய்தது. ஆனால் அதற்குள் அங்கே வேரூன்றிவிட்ட குடும்பங்களின் போக்குவரத்து நிற்கவில்லை. 'ரஜூலா' என்ற கப்பலின் பெயரை இன்றும் தஞ்சை, நாகை மாவட்ட முதியவர்கள் சொல்வதைக் கேட்கலாம். அந்தக் கப்பல் 1970களில் ஓய்வுபெற்றது. அதன்பின் ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் கப்பல் சேவை முடிவுக்கு வந்தது.

இலங்கைக்கான வழி திருச்சியின் ஊடாகவே சென்றது. சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட 'போட் மெயில்' தனுஷ்கோடி வரை ஓட, அங்கிருந்து பயணிகள் கப்பலில் தலைமன்னார் சென்றார்கள். தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் திருச்சியில் இருந்தது. நாகப்பட்டினத்தில் இருந்த அதன் பணிமனையும் 1920களில் பொன்மலைக்கு மாற்றப்பட்டது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பல் போக்குவரத்தும் இலங்கையில் போர் மூண்ட காலத்தில் நின்றுபோனது.

ஆக, 1985 முடிவதற்குள் கிழக்கே செல்லும் கடல்வழியும் தெற்கே செல்லும் கடல்வழியும் அடைபட்டன. இந்தக் காலக்குறிப்பு முக்கியமானது. விமான நிலையத்துக்குப் பயணிகள் புதிதாக உருவாகவில்லை. ஏற்கெனவே இருந்த பயணிகள் வேறு வழியின்றி வானத்துக்கு மாறினார்கள்.

அஞ்சல் விமானமும் போர்க்கால ஓடுதளமும்

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் மூட்டைகளுடன் பறந்தார். அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் அந்த விமானத்தைப் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். 1938இல் அந்தத் தடம் சென்னையிலிருந்து திருச்சி வழியே கொழும்புக்கு நீண்டது. சிறிய விமானங்கள் எரிபொருள் நிரப்ப இடையில் ஓரிடம் தேவைப்பட்டது. சென்னைக்கும் கொழும்புக்கும் நடுவில் ரயில்வே தலைமையகம் இருந்த திருச்சி அதற்குப் பொருந்தியது. முதலில் வந்தது பயணியல்ல, கடிதம். அதுவும் திருச்சிக்கான கடிதத்தைவிட இலங்கைக்கான கடிதமே.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை இந்தத் தளத்தைப் பயன்படுத்தியது. பொன்மலைப் பணிமனை ரயில் பெட்டிகளோடு போர் விமானங்களையும் பழுதுபார்த்தது. நகரின் மையத்திலிருந்து 5 கி.மீ. அளவில், புதுக்கோட்டை சாலையில், செம்பட்டுப் பக்கம் அமைந்த அந்தத் தளத்தின் அடிப்படையிலேயே இன்றைய நிலையமும் நிற்கிறது. பின்னாளில் விரிவாக்கத்துக்கு நிலம் தேடும்போது பாதுகாப்புத் துறையின் நிலங்கள் குறுக்கே வந்ததற்கும் இந்தப் பழைய வரலாறே காரணம்.

சுதந்திரத்துக்குப் பிறகு தொடக்கத்தில் கிடைத்த வெளிநாட்டுத் தொடர்பும் இலங்கையோடுதான். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் விமானத்தைக் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு இயக்கியது. விரைவில் திருச்சியும் அதன் தடத்தில் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தின் விமானத் தளமான பலாலியிலிருந்து திருச்சி நேர்கோட்டில் 200 கி.மீ.க்கும் குறைவு, கொழும்போ 300 கி.மீ.க்கும் அதிகம். யாழ்ப்பாணத்தவருக்குத் திருச்சி எவ்வளவு அருகில் இருந்தது என்பதை இந்த ஓர் ஒப்பீடே சொல்லும். போர் தீவிரமானபோது பலாலி இராணுவத் தளமானது, தடம் அறுந்தது. தாயகம் திரும்பியோருக்கென அமைந்து, பின்னர் இலங்கை அகதிகள் வாழும் இடமாகிவிட்ட கொட்டப்பட்டு முகாம் இந்த விமான நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. பயணிகள் புள்ளிவிவரங்களில் இடம்பெறாத இந்த முகாமையும் திருச்சியின் போக்குவரத்து வரலாற்றின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.

நீண்ட தேக்கம்

1953இல் விமானப் போக்குவரத்து நாட்டுடைமையானது முதல் 1990கள் வரை சொல்வதற்கு அதிகமில்லை. அரசு நிறுவனமான இந்தியன் ஏர்லைன்ஸின் சில சேவைகள், கொழும்புத் தொடர்பு, அவ்வளவே. 1972இல் பன்னாட்டு விமான நிலையங்களுக்கென்று தனி ஆணையம் உருவானபோது அதன் பொறுப்பில் வந்தவை பம்பாய், கல்கத்தா, தில்லி, சென்னை ஆகிய நான்கும்தான். கும்பகோணத்துக்காரரும் காரைக்குடிக்காரரும் சிங்கப்பூர் போக நெடுந்தொலைவு பயணம் செய்து சென்னை மீனம்பாக்கம் போனார்கள். தேவை இல்லாததால் ஏற்பட்ட தேக்கம் அல்ல இது. அந்தத் தேவை சென்னையின் கணக்கில் எழுதப்பட்டது.

2003: ஒரு பட்டியல்

திருச்சியின் நவீன வளர்ச்சிக்குத் தொடக்கமாகப் பலரும் புதிய முனையக் கட்டடத்தைச் சொல்வார்கள். என் கருத்தில் அந்தத் தொடக்கம் கட்டடம் அல்ல, ஒரு பட்டியல். 2003இல் ஆசியான் நாடுகளுக்கு இந்திய அரசு ஒரு சலுகையை அறிவித்தது. அந்நாட்டு விமான நிறுவனங்கள் இந்தியாவின் 18 சுற்றுலா நகரங்களுக்கு எண்ணிக்கை வரம்பின்றி வந்துபோகலாம் என்பது அதன் சாரம். கயா, வாரணாசி, கொச்சி, திருவனந்தபுரம் ஆகியவற்றோடு அந்தப் பதினெட்டில் திருச்சிராப்பள்ளியும் இருந்தது. கோயில் நகரம் என்ற தகுதியில் சேர்க்கப்பட்ட ஊர், புலம்பெயர்ந்தோரின் வாயிலாக மாறியது.

இதன் பலன் 2008 டிசம்பரில் தெரிந்தது. மலேசியாவின் ஏர் ஏசியா இந்தியாவில் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த ஊர் சென்னையோ மும்பையோ அல்ல, திருச்சி. கோலாலம்பூரிலிருந்து சுமார் நான்கு மணி நேரம் என்பதால் ஒரே விமானம் போய் உடனே திரும்பிவிடலாம். மலிவுக் கட்டண நிறுவனங்கள் பயன்படுத்தும் ஏர்பஸ் ஏ320 வகை விமானத்துக்கு இங்குள்ள ஓடுபாதை போதுமானது. எல்லாவற்றுக்கும் மேலாக, விளம்பரமே தேவைப்படாத பயணிகள் இரு கரையிலும் காத்திருந்தார்கள்: விடுப்பில் வரும் தொழிலாளி, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வரும் மலேசியத் தமிழ்க் குடும்பம், திருவரங்கத்தையும் வேளாங்கண்ணியையும் நாகூரையும் தரிசிக்க வருவோர், துணியும் பலசரக்கும் கொண்டுபோய் மின்னணுப் பொருள்களோடு திரும்பும், 'குருவி' என்று அழைக்கப்படும் சிறு வியாபாரிகள். இவர்களுக்கு முதல் வகுப்பு இருக்கை வேண்டாம். குறைந்த கட்டணமும் அதிகச் சுமைக்கு அனுமதியும் போதும். அடுத்து சிங்கப்பூரின் டைகர் ஏர்வேஸ் வந்தது. 2017இல் அது ஸ்கூட்டோடு இணைந்தது. மலிண்டோ வந்து, பின்னர் பாதிக் ஏர் என்று பெயர் மாறியது. 2023 நவம்பரில் வியட்ஜெட் ஹோ சி மின் நகரத்திலிருந்து பறக்கத் தொடங்கியது.

வளைகுடாப் பக்கம் நிலைமை வேறு. 2005இல் தொடங்கப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் துபாய், சார்ஜா முதலிய இடங்களுக்குத் திருச்சியிலிருந்து விமானங்களை இயக்குகிறது. ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தின் நிறுவனங்கள் இங்கே இறங்க முடியாது. அந்நாட்டோடு இந்தியா செய்துகொண்ட இருதரப்பு விமான சேவை ஒப்பந்தத்தில், அவர்கள் வரக்கூடிய ஊர்களின் பட்டியலில் திருச்சி இல்லை. திருச்சிக்கு வரும் வெளிநாட்டு நிறுவனங்களை வரிசையாகப் பாருங்கள்: ஸ்ரீலங்கன், ஏர் ஏசியா, பாதிக், ஸ்கூட், வியட்ஜெட். எல்லாமே தென்கிழக்காசிய நாடுகளுக்கோ இலங்கைக்கோ உரியவை. இதைத் தற்செயல் என்று கொள்ள இடமில்லை. கதவு திறந்த திசையில் போக்குவரத்து பெருகியது. திறக்காத திசையில் இந்திய நிறுவனங்கள் தரும் இருக்கைகளோடு நின்றது.

கட்டடங்களின் கதை

2009இல் சுமார் 12,000 சதுர மீட்டர் பரப்பில் புதிய முனையம் திறக்கப்பட்டது. பழைய முனையம் பின்னர் சரக்கு வளாகமானது. காய்கறி, பழம், பூ முதலியவை சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் செல்லும் வழி அது. 2012 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இலக்னோ, வாரணாசி, மங்களூர், கோயம்புத்தூர் ஆகியவற்றோடு திருச்சியையும் பன்னாட்டு விமான நிலையமாக அறிவித்தது. நடைமுறையில் பல்லாண்டுகளாக வெளிநாட்டுப் பயணிகளைக் கையாண்டுவந்த ஒரு நிலையத்துக்குக் காலந்தாழ்ந்து கிடைத்த சான்றிதழ் அது.

பயணிகள் எண்ணிக்கை 2018-19இல் 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது. முனையம் அதைத் தாங்கவில்லை. தென்கிழக்காசியாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் விமானங்கள் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் நெருக்கமாக இறங்குகின்றன. ஆண்டுக் கணக்கு காட்டாத நெருக்கடி அந்தச் சில மணி நேரங்களில் இருந்தது. குடியேற்றச் சோதனை வரிசையும் சுங்கச் சோதனை வரிசையும் ஒன்றோடொன்று முட்டி நின்றன. கடத்தல் தங்கம் அடிக்கடி பிடிபடும் நிலையம் என்பதால் சுங்கச் சோதனையும் இங்கே கடுமை. இரவு முழுக்கப் பறந்து வந்த தொழிலாளி, தன் ஊர் மண்ணில் கால் வைத்த பிறகும் பல மணி நேரம் நிற்க நேர்ந்தது நியாயமே அல்ல.

2019 பிப்ரவரியில் புதிய முனையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இடையில் பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச் 23 முதல் 2022 மார்ச் 27 வரை வழக்கமான பன்னாட்டுச் சேவைகளை இந்தியா நிறுத்தி வைத்திருந்தது. வெளிநாட்டுப் பயணிகளையே நம்பிய நிலையத்துக்கு இது மற்றவற்றைவிட ஆழமான அடி. அந்நாள்களில் சிறப்பு விமானங்களில் ஊர் திரும்பியவர்களால்தான் ஓடுபாதை உயிரோடு இருந்தது. பிறகு மீட்சி விரைவாகவே நடந்தது; 2023-24இல் எண்ணிக்கை 17 லட்சத்தைக் கடந்தது.

1,100 கோடி ரூபாய்க்கு மேலான செலவில், 75,000 சதுர மீட்டர் பரப்பில் எழுந்த இரண்டு அடுக்கு முனையம் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்டு, அதே ஆண்டு ஜூன் 11 முதல் இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 44 லட்சம் பேரையும், நெரிசல் நேரத்தில் 3,500 பேரையும் கையாளும் அளவு கொண்டது. வருகைப் பக்கம் 60, புறப்பாட்டுப் பக்கம் 44 என்று குடியேற்றச் சோதனை முகப்புகள் அமைந்துள்ளன. முகப்பில் கோபுரச் சாயலும் உள்ளே கோலமும் ஓவியமும் அழகுதான். ஆனாலும் என் பார்வையில் அந்த 60 முகப்புகளே இக்கட்டடத்தின் மிகச் சிறந்த பகுதி.

ஓடுபாதை என்னும் எல்லை

முனையம் ஆறு மடங்குக்கு மேல் பெருத்துவிட்டது. ஓடுபாதை 2,480 மீட்டரிலேயே நிற்கிறது. இந்த நீளத்தில் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 வகைகள் சிக்கலின்றி இயங்கும். அகல உடல் கொண்ட பெரிய விமானங்கள் முழுச் சுமையோடு நெடுந்தொலைவு செல்லப் போதாது. ஆகவே இலண்டனுக்கோ மெல்பர்னுக்கோ நேரடிச் சேவை என்ற பேச்சு இப்போதைக்கு வெறும் ஆசைதான். 2018 அக்டோபர் 12 அதிகாலையில் 136 பேருடன் துபாய்க்குக் கிளம்பிய விமானம் சுற்றுச்சுவரில் மோதி, சேதத்துடன் பறந்து, மும்பையில் பத்திரமாக இறங்கியது. அதற்கு ஓடுபாதையின் நீளமே காரணம் என்று சொல்வது சரியல்ல. ஆனால் ஓடுபாதைக்கு அப்பால் கூடுதல் இடம் ஏன் வேண்டும் என்பதை அந்த இரவுக்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விரிவாக்கத்துக்கான நில எடுப்பு ஆண்டுக்கணக்கில் இழுபறியாகவே நடந்துவருகிறது.

நம்பிக்கை தரும் ஒரு மாற்றமும் உண்டு. பலாலி 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2025 மார்ச் இறுதியில் இண்டிகோ திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே சேவையைத் தொடங்கியது. போர் அறுத்த தடம் மீண்டும் இணைந்திருக்கிறது.

இனிமேல் செய்ய வேண்டியவை இரண்டு. அமீரகம் உள்ளிட்ட வளைகுடா நாடுகளுடனான ஒப்பந்தங்களில் திருச்சியைச் சேர்ப்பது புது தில்லியின் பொறுப்பு. நிலம் தருவோருக்கு உரிய விலையைக் கொடுத்து நில எடுப்பை முடிப்பது மாநில அரசின் பொறுப்பு. 44 லட்சம் பேருக்கான முனையத்தைக் கட்டிவிட்டு, அவர்களை ஏற்றிவரும் விமானங்களுக்கு வழி அடைத்து வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.