ஆறு பேர்ச்சும் சீதன வீடும்: கட்டட அனுமதி விதிகள் எல்லோருக்கும் ஒன்றா?

1915ஆம் ஆண்டு என்றதும் இலங்கை முஸ்லிம்களின் நினைவுக்கு வருவது கலவரந்தான். கம்பளைப் பெரஹரா வழக்கு, மே மாத இறுதியில் கண்டியில் மூண்ட தீ, அதன்பின் வந்த இராணுவச் சட்டம் பற்றியெல்லாம் நம்மவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதே வருடத்தில் நிறைவேறிய இன்னொரு சட்டம் நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. அது 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். இன்று கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஒருவர் வீட்டுக்குப் பிளான் பாஸ் பண்ணப் போனால் அவரிடம் கேட்கப்படும் பல கேள்விகளின் வேர் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

கலவரம் சில நாட்களில் அடங்கியது. இந்தச் சட்டம் நூறு வருடங்களைத் தாண்டியும் நம் வளவுகளுக்குள் நடமாடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இதைப் பற்றி எழுத நினைத்தேன். திட்டமிடல் விதிகள் எல்லாச் சமூகத்தாரையும் நீதியாக நடத்துகின்றனவா என்ற கேள்வி, கிழக்கிலே நமது பெண்மக்களின் வீட்டு வாசலில் வந்து நிற்கிற கேள்வி.

விதி வந்த வழி

1914இல் கொழும்பில் பிளேக் நோய் பரவியது. நெருக்கமான தெருக்களும் காற்றும் வெளிச்சமும் புகாத அறைகளும் நோய்க்கு இடங்கொடுக்கின்றன என்ற எண்ணம் ஆட்சியாளரிடையே அப்போது வலுத்திருந்தது. அந்தச் சூழலில் வந்த 1915ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளூராட்சித் தலைவரின் அங்கீகாரம் பெற்ற வரைபடம் இல்லாமல் நகரத்தில் கட்டடம் எழுப்பக் கூடாது என்றது. கட்டி முடித்தபின் இணக்கச் சான்றிதழ் பெறாமல் அதில் குடியிருக்கக் கூடாது என்றும் சொன்னது. தெருக்கோடும் கட்டட எல்லையும் இப்படித்தான் நம் பேச்சுக்குள் வந்தன.

1921இல் பெற்றிக் கெடிஸ் என்ற அறிஞர் கொழும்புக்கு ஒரு நகரத் திட்டம் வரைந்தார். 1946இல் 13ஆம் இலக்க நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் கட்டளைச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1978இன் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகாரசபை உருவானது. அந்தச் சபையின் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் 1986 மார்ச்சில் வர்த்தமானியில் வெளிவந்தன. நகர அபிவிருத்திப் பிரதேசம் எனப் பிரகடனம் செய்யப்பட்ட ஊர்களிலே வீட்டுக் காணித்துண்டு ஒன்றின் ஆகக்குறைந்த பரப்பு 150 சதுர மீற்றர் என்று அவை நிர்ணயித்தன. நம் கணக்கில் அது ஏறத்தாழ 6 பேர்ச்.

இந்த விதியைத் தீயது என்று நான் சொல்லமாட்டேன். காணித் தரகர்கள் தென்னந்தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி, மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி இல்லாத காணியை ஏழைகளின் தலையில் கட்டிவிடாமல் தடுக்க இப்படியொரு எல்லை வேண்டும். ஆனால் எந்த விதியும் தன் மனதில் ஒரு மனிதனை வைத்துக்கொண்டுதான் எழுதப்படுகிறது. இந்த விதியின் மனதில் இருப்பவர் காசு கொடுத்துக் காணி வாங்கி, தன் பெயரில் உறுதி முடித்து, வெறும் நிலத்திலே புதிதாக வீடு கட்டுகிற ஒருவர். கிழக்கில் வீடு உண்டாகிற விதம் அதுவல்ல.

நம் ஊரில் வீடு உண்டாகிற விதம்

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர ஊர்களில் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குடி என்பதும் தாய் வழியில்தான். உம்மா தன் வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு அங்கே போவார். இளைய மகளுக்குக் கலியாணம் பேசும்போது அதுவும் அவளுக்குப் போய்விடும். வாப்பாமாரின் உழைப்பெல்லாம் மகள்மாரின் சுவருக்கும் கூரைக்கும் போகிறது. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே நொத்தாரிசிடம் போய் நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, மரணத்துக்குப் பிறகு பங்கு பிரித்தால் மகளுக்கு மகனில் பாதிதான் சேரும். வாழும்போதே கொடுக்கிற இந்த வழக்கத்தால் கிழக்குப் பெண் வீட்டுக்காரியாக இருக்கிறாள். கிழக்கின் தமிழ்ச் சகோதரர்களிடமும் இதே வழக்கம் உண்டு. முக்குவர் வழமையின் தடம் அதில் இருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எனவே இது ஒரு சமயத்தாருக்கு மட்டுமே உரிய முறைப்பாடு அல்ல.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூத்தம்மா ஒருவரிடம் கால் ஏக்கர், அதாவது 40 பேர்ச் வளவு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்று பெண்மக்களுக்குப் பிரித்தால் ஆளுக்குப் 13 பேர்ச் சொச்சம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெண்மக்கள் என்றால் ஆளுக்கு ஆறரை பேர்ச் சொச்சம். உள்ளே போய்வர ஒரு பாதை விட்டால் அது ஆறுக்குக் கீழே இறங்கிவிடும். அடுத்த தலைமுறையில் மூன்றே சொச்சம். யாரும் காணி விற்கவில்லை, தரகரும் இல்லை. ஒரே கிணறு, ஒரே முடுக்கு, ஒரே உம்மாவின் பிள்ளைகள். விதியின் கண்ணுக்கு மட்டும் இது அனுமதியற்ற காணிப் பிரிப்பு.

அதன் பிறகு நடப்பது எல்லாருக்கும் தெரியும். பிரித்து உறுதி எழுதினால் பிளான் பாஸாகாது. பிரிக்காமல் விட்டால் மகளின் கையில் இருப்பது பிரிபடாத பங்கு. அங்கீகரித்த வரைபடம் இல்லாவிட்டால் வங்கி வீட்டுக்கடன் தராது. ஆகவே சனம் கடனை உடனைப்பட்டு அனுமதி இல்லாமலே கட்டுகிறது. கீழே உம்மா, மேலே மகள் என்று மாடி எழுப்பிக் கொடுத்தால் மேல்வீட்டுக்குத் தனி உறுதி வேண்டும். அதற்கு 1973ஆம் ஆண்டின் அடுக்குமாடி உடைமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது கேட்கும் வரைபடங்களும் சான்றிதழ்களும் கொழும்பு மாடிமனைக் கம்பனிகளுக்குப் பொருந்துமே தவிர, மீன் வியாபாரியின் மகளுக்குப் பொருந்தாது.

விதிகளில் தளர்வுக்கு இடமுண்டு என்று அதிகாரிகள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தளர்வு அதிகாரியின் விருப்பத்தில் தங்கியிருக்கிறது. ஆள் தெரிந்தவருக்கு அது கிடைக்கும், தெரியாதவர் அலைவார். ஒரு சமூகத்தின் சாதாரண வாழ்க்கை முறை முழுவதும் விதிவிலக்கு என்ற பெயரில் மன்றாடித்தான் நடக்க வேண்டும் என்றால், விதியைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும்.

கடலுக்கும் வயலுக்கும் நடுவே

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்த நெருக்கடி இன்னும் இறுகியது. நாட்டிலேயே அதிகமான உயிர்களைச் சுனாமிக்குக் கொடுத்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். 2005இன் தொடக்கத்தில் அரசாங்கம் கரையோரத்தில் கட்டடத் தடை வலயத்தை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். இந்த விதி எழுத்திலேயே மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டது. ஆனாலும் நான் சொல்ல வருவது மீற்றர் கணக்கைப் பற்றியது மட்டுமல்ல.

மருதமுனை, சாய்ந்தமருது, காத்தான்குடி போன்ற ஊர்களின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வயல் அல்லது வாவி. இடையில் இருக்கும் ஒடுங்கிய மணல் மேட்டில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. கடல் பக்கத்தில் 200 மீற்றரை எடுத்துவிட்டால் சனம் எங்கே போகும்? மேற்கே போகலாம் என்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி வயலை நிரப்ப முடியாது. நடுவிலே நெருங்கிக்கொள்ளலாம் என்றால் 6 பேர்ச் விதி நிற்கிறது. கரையைக் காப்பது நல்லது, வயலைக் காப்பது நல்லது, காற்றோட்டமான வீடும் நல்லது. இந்த மூன்று நல்ல விதிகளும் ஒரே ஊரின் மேல் ஒன்றாக விழுந்தன. மூன்று திணைக்களங்களும் தனித்தனியே எழுதிய விதிகள் ஒன்றுசேர்ந்து யாரை நசுக்கும் என்று பார்ப்பது யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை.

பின்னர் அந்தத் தூரங்கள் தளர்த்தப்பட்டன. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களில் வருடங்களைக் கழித்துவிட்டன. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள், யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனதால், பல வருடங்கள் ஆளில்லாமல் கிடந்து பாழடைந்ததை இந்தப் பகுதியார் எல்லோரும் அறிவார்கள்.

இன்னொன்று அதிகம் பேசப்படாமல் போனது. மாற்று வீடு கொடுக்கும்போது படிவம் கேட்டது குடும்பத் தலைவரின் பெயரை. தலைவர் என்றால் கணவன் என்று எடுத்துக்கொண்டார்கள். கடல் கொண்டுபோன வீடு மனைவியின் சீதனம், அதற்குப் பதிலாகக் கிடைத்த வீடு கணவனின் பெயரில். இப்படிப் படிவத்தின் ஒற்றைக் கட்டம் பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த பெண்ணின் சொத்தைக் கைமாற்றிவிட்டது. அரச காணி விடயத்திலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசு வரிசையில் மகனைத்தான் முன்னே வைத்திருந்தது. அது திருத்தப்பட 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மற்றவர்களின் கதை

மலையகத் தோட்டங்களைப் பாருங்கள். கட்டட அனுமதிக்கு முதலாவதாகக் கேட்பது காணி உறுதி. லயத்தில் பல தலைமுறைகள் வாழ்ந்தவரிடம் உறுதிக்கு எங்கே போவது? பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தாராளமாகச் சேவை செய்யவே 2018இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ‘உறுதியின் பிரதி இணைக்கப்பட வேண்டும்’ என்ற ஒரு வரியில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஆனால் அந்த வரி ஓர் இனத்தை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

2008 ஒக்டோபரில் மத விவகார அமைச்சு அனுப்பிய சுற்றறிக்கை, புதிய வணக்கத்தலம் கட்டுவதற்கு அமைச்சின் முன் அனுமதி வேண்டும் என்றது. அதன் சுமை ஏற்கெனவே நிலைபெற்ற பெரிய தலங்களின் மேல் விழவில்லை. சிறு கிறிஸ்தவ சபைகளும், பள்ளிவாசல் இல்லாத ஊர்களில் புதிதாகக் குடியேறிய முஸ்லிம் குடும்பங்களும்தான் அதைச் சுமந்தார்கள்.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கும் சபைகளில் நம் ஊருக்குள் சிறுபான்மையாக வாழ்பவரின் கோயிலுக்கோ, நம்மவரிலேயே வேறு தரீக்காவைச் சேர்ந்தவரின் தைக்காவுக்கோ வரும் விண்ணப்பத்தை நாம் எந்தக் கண்ணால் பார்க்கிறோம்? கொழும்பிடம் கேட்கும் நீதியை நம் பக்கத்து வளவுக்காரருக்குக் கொடுக்காவிட்டால் நமது வாதத்துக்குப் பலமிருக்காது.

கேட்க வேண்டிய கேள்வி

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால் முதலிய காரணங்களால் பாகுபாடு கூடாது என்கிறது. நமக்குக் கட்டடச் சட்டத்தைத் தந்துவிட்டுப் போன பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பொதுச் சபைகளுக்கு ஒரு கடமையை விதித்தது. ஒரு முடிவு யார் யாரை எப்படிப் பாதிக்கும் என்று எண்ணிப் பார்த்தே அதை எடுக்க வேண்டும் என்பது அந்தக் கடமை. அங்குள்ள உள்ளூராட்சி சபைகள் கட்டட விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய ஆவணங்களின் பட்டியலை மாற்றும்போதுகூட, பெண்கள், வலுவிழந்தோர், சிறுபான்மை இனத்தார், சமயத்தார் மேல் அதன் விளைவு என்ன என்று எழுதிப் பார்க்கின்றன. சட்டம் அங்கிருந்து நமக்கு வந்தது, இந்த வழக்கம் வந்து சேரவில்லை.

நான் தமிழ் கற்பிப்பவன். பிள்ளைகளின் தாய்மார் சில நேரங்களில் சபையிலிருந்து வந்த கடிதத்தைக் கொண்டுவந்து, “இதுல என்ன கேக்கிறாங்க சேர்?” என்பார்கள். தமிழில்தான் எழுதியிருக்கும். ஆனால் ‘உரித்தாகாமைச் சான்றிதழ்’ என்ற சொல் தமிழ் பேசும் தாய்க்கு விளங்காது. தமிழ் படித்த எனக்கே அதன் ஆங்கிலம் தெரிந்த பிறகுதான் விளங்கியது. விண்ணப்பத்தின் மொழியும் ஒரு நிபந்தனைதான். அதை வாசிக்க ஆள் பிடிக்க வேண்டியவருக்கும் வேண்டாதவருக்கும் விதி ஒன்றாக இல்லை.

ஆகவே நமது சபைகள் இன்றே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. தாய்வழியில் பிரிந்த வளவுகளைத் தரகரின் காணிப் பிரிப்பிலிருந்து வேறாகப் பார்த்து, பொதுக் கிணறு, பொதுப் பாதை, பொதுக் கழிவுக் குழி என்ற நிபந்தனைகளோடு எழுத்தில் ஒரு விதியை அதிகாரசபையிடம் கேட்கலாம். படிவங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்பதை எடுத்துவிட்டு ‘உரிமையாளர்’ என்று போடலாம். பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கிய தேர்தல் முறையால் 2018இல் சபைக்குள் வந்த பெண்களைப் போன்றவர்களைத் திட்டமிடல் கலந்துரையாடல்களில் உட்காரவைக்கலாம். சீதன வளவின் கணக்கு அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆனால் கேட்கப் போகிறவர்களின் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். கிழக்கின் வளவுகள் தலைமுறைக்குத் தலைமுறை எப்படிச் சுருங்கின என்ற வரலாறு நம் அலுமாரிகளில் பழைய நன்கொடை உறுதிகளாகவும் சேவயர் பிளான்களாகவும் கறையான் அரித்துக்கொண்டு கிடக்கிறது. சுனாமி மிச்சம் வைத்ததையாவது நாம் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் ஐந்து குடும்பங்களின் உறுதிகளை மூன்று தலைமுறைக்கு வரிசைப்படுத்தி, பெயர்களை மறைத்து, பேர்ச் கணக்கை மட்டும் எழுதி வைத்தால் போதும். உயர்தர வகுப்பு மாணவர்களே செய்யக்கூடிய வேலை அது. அப்படிச் சேரும் கணக்கு இந்தச் சஞ்சிகையின் பக்கங்களுக்கு வந்தால், அடுத்த முறை விதி எழுத உட்காருபவர்களின் முன்னால் அதை வைக்கலாம்.