அம்மாயிக்குச் சேராத ரத்தம்

இந்த வாரம் ஒரு ரத்த வகையோட வரலாறு. கதை தொடங்குறது எங்க ஊரு கொடுமுடியில.

சில வருஷம் முன்னாடி, ஆடிப்பெருக்கு அன்னைக்கு, காவிரிப் படித்துறையில எங்க அம்மாயி வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு முறிஞ்சுபோச்சு. ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரியில ஆபரேஷன்னு முடிவாச்சு. அம்மாயிக்கு ஓ பாசிட்டிவ். எங்கேயும் கிடைக்கிற குரூப்தானேன்னு நாங்க கவலைப்படல. ஆனா கிராஸ் மேட்ச் பண்ணிப் பார்த்தா ஒரு யூனிட்டும் சேரல. எங்கம்மா, மூணு மாமன்மார்னு பெத்த பிள்ளைங்க நாலு பேரு ரத்தமும் சேரல.

ரெண்டு நாள் கழிச்சு பெரிய லேப்ல இருந்து ரிப்போர்ட் வந்துச்சு: ‘ஆன்ட்டி இன்-பி’. இது ‘இந்தியன்’ங்கிற ரத்த வகையில வர்ற சிக்கல்னு டாக்டர் சொன்னார். நாம எல்லாருமே இந்தியன்தானே சார்னு கேட்டுட்டேன்.

அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு தேடினா, அது பம்பாய்ல போய் நின்னுச்சு. ‘பாம்பே ரத்த வகை’ கேள்விப்பட்டிருப்பீங்க. 1952-ல ஒய்.எம். பெண்டே குழு அதை உலகத்துக்குச் சொன்னாங்க. அந்தக் குழுவுல எச்.எம். பாட்டியாவும் இருந்தார். இருபது வருஷம் கழிச்சு, 1973-ல, படாகெரே, ஜோஷி இவங்களோட சேர்ந்து அதே பாட்டியா இன்னொரு கண்டுபிடிப்பை வெளியிட்டார். நம்ம மக்கள்ல நூத்துக்கு மூணு, நாலு பேரோட சிவப்பணுக்கள் மேல மட்டும் புதுசா ஒரு அடையாளம் இருந்துச்சு. இந்தியாவோட முதல் ரெண்டு எழுத்தை எடுத்து ‘இன்-ஏ’ன்னு பேரு வச்சாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, அரபு, ஈரானிய மக்கள்ல இது நூத்துக்குப் பத்துப் பேரு கிட்ட இருக்குன்னு பின்னாடி தெரிஞ்சுது. 1975-ல லண்டன்ல கரோலின் ஜைல்ஸ் இதோட ஜோடியைக் கண்டுபிடிச்சாங்க. அதுதான் ‘இன்-பி’. கிட்டத்தட்ட எல்லார் ரத்தத்துலயும் இது உண்டு. இல்லாதவங்க ஆயிரக்கணக்கான பேர்ல ஒருத்தர். எங்க அம்மாயி அந்த ஒருத்தர்.

ரொம்ப நாளா இது ரத்த வங்கிக்காரங்க சமாச்சாரமாத்தான் இருந்துச்சு. 1988-ல கதை மாறுச்சு. இந்த அடையாளங்கள் உட்கார்ந்திருக்கிற புரதம், வெள்ளையணு ஆய்வாளர்கள் தனியா ஆராய்ஞ்சுகிட்டிருந்த சிடி44-தான்னு தெரிஞ்சுது. செல்லுங்க சுத்தி இருக்கிறதைப் பிடிச்சுக்க உதவுற கை மாதிரி அது. எதைப் பிடிக்குது? நீங்க முகத்துக்குப் போடுற சீரம்ல இருக்கே ஹயலுரானிக் ஆசிட், அதைத்தான். அந்தப் பொருள் நம்ம தோல்லயும் மூட்டுலயும் இயற்கையாவே நிறைய இருக்கு. சிடி44-ம் தோல், குருத்தெலும்பு, வெள்ளையணுக்கள்னு உடம்பு முழுக்க இருக்கு. புற்றுநோய் செல்கள் பரவுறதுலயும் அதுக்குப் பங்கு உண்டு. இன்-ஏவுக்கும் இன்-பிக்கும் வித்தியாசம் அந்தப் புரதத்துல ஒரே ஒரு அமினோ அமிலம்தான். 1996-ல அதையும் கண்டுபிடிச்சாங்க.

அந்த ஒரு வித்தியாசம்தான் அம்மாயியோட ஆபரேஷனைத் தள்ளிப்போட வச்சுது. அவங்க பிள்ளைங்க எல்லாருக்கும் அப்பிச்சி வழியா இன்-பி வந்திருந்துச்சு. வயித்துல குழந்தை இருந்தப்போ, அந்த ரத்தத்தை அந்நியம்னு அம்மாயி உடம்பு அடையாளம் வச்சுகிட்டு, அதுக்கு எதிரா ஆன்டிபாடி உண்டாக்கிடுச்சு. அதனால பெத்த பிள்ளைங்க ரத்தமே ஏத்த முடியல.

அம்மாயியோட அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். சொந்தத்துல கட்டினா, அபூர்வமான மரபு ரெண்டு பக்கத்துல இருந்தும் ஒரே குழந்தைக்கு வந்து சேர வாய்ப்பு கூடும். ஆனா அதே வாய்ப்பு கூடப் பொறந்தவங்களுக்கும் உண்டு, நாலுல ஒண்ணு. “தம்பி, தங்கச்சி யாராச்சும் இருக்காங்களா?”ன்னு டாக்டர் கேட்டார். கரூர்ல இருந்து அம்மாயியோட தம்பி ராத்திரி ரயிலேறி வந்தார். அவரு ரத்தம் சேர்ந்துச்சு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது.

உங்க வீட்டுல யாருக்காவது ரத்தம் சேரலைன்னா, ஆன்டிபாடி பேரு என்னன்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. கூடப் பொறந்தவங்களையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. அம்மாயி இப்போ அந்த ரிப்போர்ட்டை நாலா மடிச்சு, வெத்தலையோட சுருக்குப்பையிலேயே வச்சிருக்காங்க.