சும்மா ஒரு ரவுண்டு

சாயங்காலம் ஆறு மணி. உங்கள் வீட்டுப் பையன் சைக்கிளை எடுக்கிறான். "எங்கடா?" என்கிறீர்கள். "சும்மா ஒரு ரவுண்டு" என்கிறான். அத்தோடு விசாரணை முடிந்தது.

அதே ஆறு மணி. அதே வாசல். அதே பதிலை உங்கள் பெண் சொல்லட்டும். எங்கே? எதுக்கு? யார்கூட? எப்ப வருவே? நாளைக்குப் பகல்ல போனா ஆகாதா? மொத்தம் ஐந்து கேள்வி. ஐந்துக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் இருட்டிவிடும். "அதான் இருட்டிருச்சுல்ல, பேசாம உள்ள போ."

தமிழில் 'சும்மா' என்ற சொல்லை எல்லோரும்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் வாசலில் நின்று அதைச் சொல்லும் உரிமை எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைத்துவிடவில்லை. அந்த ஐந்து கேள்விகளுக்குப் பின்னால் ஒரு நெடிய சரித்திரம் இருக்கிறது. அதன் பாதி மதுரையில் நடந்தது. மீதிப் பாதி, மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாக நூறு கிலோமீட்டர் சொச்சம் போனால் வருகிற புதுக்கோட்டையில் நடந்தது. (நாகமலை புதுக்கோட்டை இல்லை சார். ஜில்லா புதுக்கோட்டை.)

மதுரையிலிருந்தே ஆரம்பிப்போம். காரணம், பொழுதுபோக்குக்கு இந்த ஊர் பார்த்துப் பார்த்து இடம் ஒதுக்கியிருக்கிறது. 1645-ல் திருமலை நாயக்கர் வண்டியூரில் தெப்பக்குளம் வெட்டினார். மகால் கட்ட மண் எடுத்த பள்ளம்தான் குளமாயிற்று என்பார்கள். எது எப்படியோ, இன்றைக்கு வரைக்கும் மதுரைக்காரன் காற்று வாங்க உட்காருகிற சுவர், குளத்தைச் சுற்றி ஓடும் அந்தச் சுவர்தான். தமுக்கம் இன்னொன்று. நாயக்கர் காலத்துக் கேளிக்கை மைதானம். மிருகச் சண்டைகள் கீழே நடக்கும், அரச குடும்பம் மாளிகையிலிருந்து பார்க்கும். ராணி மங்கம்மாளின் பக்கத்து மாளிகையில்தான் 1959-ல் நேரு வந்து காந்தி மியூசியத்தைத் திறந்துவைத்தார். சித்திரை வந்தால் தமுக்கத்தில் பொருட்காட்சி என்பது பல தலைமுறைகளுக்கு மனப்பாடமான விஷயம். இப்போது அங்கே மாநாட்டு மையம் எழும்பியிருக்கிறது.

ஆக, இடம் இருந்தது. பெண்கள் வந்தார்களா? வந்தார்கள். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தைப்பூசத் தெப்பத்துக்கு வந்தார்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று ராத்திரி முழுக்க வைகை மணலில் கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட்டார்கள். ஆனால் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் கையில் ஓர் அனுமதிச் சீட்டு இருந்தது. அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டவர் சாமி. கோயில் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் மாமியாரும் கேள்வி கேட்க முடியாது. தேர் பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில் வளையல் வாங்கலாம், ராட்டினம் ஏறலாம், தோழியைப் பார்த்து நாலு வார்த்தை பேசலாம். பக்தி பாதி, பிக்னிக் பாதி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சித்திரைத் திருவிழாவின் ஒன்பதாம் நாள் திக்விஜயம். பட்டம் சூட்டிக்கொண்ட மீனாட்சி எட்டுத் திக்கையும் ஜெயிக்கக் கிளம்புகிற நாள். யார்கூடப் போறே, எப்ப வருவே என்று அவளை யாரும் கேட்பதில்லை. அந்த ஊர்வலத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட பெண்தான், மறுநாள் தெருமுனைக் கடைக்குப் போகத் தம்பியைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது.

சரி, திருவிழா இல்லாத நாளில்? ஓய்வு நேரத்தில் பெண்கள் என்ன செய்தார்கள்?

ஒயர் கூடை பின்னினார்கள். தலையணை உறையில் பூ வேலை செய்தார்கள். கோலம் பழகினார்கள். மதுரை சௌராஷ்டிரப் பெண்கள் சுங்குடிப் புடவைக்கு முடிச்சுப் போட்டார்கள். துணியைத் துளித்துளியாகக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, பிறகு சாயத்தில் முக்கினால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு வெள்ளைப் புள்ளியாக விரியும். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. அடுப்படி வேலைக்கும் அடுத்த வேளைச் சமையலுக்கும் நடுவில் கிடைக்கிற ஓய்வில் போட்டது. 2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நியாயமான கௌரவம். ஆனால் நான் காமர்ஸ் படித்தவன். கணக்கில் ஓர் இடம் இடிக்கிறது. ஓய்வு நேரத்தில் செய்த வேலையை ஓய்வு என்று எழுதுவதா, வேலை என்று எழுதுவதா? ஒயர் கூடை காய்கறி சுமந்தது. பூ வேலை சீர்வரிசைக்குப் போனது. முடிச்சு கூலியாக வந்தது. பெண்ணின் பொழுதுபோக்கு என்றால் அதில் வீட்டுக்கு ஏதாவது பிரயோஜனம் இருந்தாக வேண்டும். இதுதான் எழுதாத சட்டம்.

ஆணுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அவனுக்குச் சைக்கிள் வந்துவிட்டது.

1885-ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவில், பின் சக்கரத்தைச் சங்கிலி இழுக்கிற மாதிரி ஒரு வண்டி செய்தார். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய சைக்கிளின் ஜாதகம் அவ்வளவுதான். இந்தியாவில் ரொம்ப நாள் அது சீமைச் சரக்கு. துரைமாரும் வசதியானவர்களும் ஓட்டினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகுதான் சாமானியன் வாசலுக்கு வந்தது. 1949-ல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. ஹெர்குலிஸ் உள்ளூரிலேயே உருண்டது.

சொந்தமாக வாங்க முடியாதவனுக்கு வாடகை சைக்கிள் கடை. கடைக்காரர் நோட்டில் பெயரும் நேரமும் எழுதுவார். நம்பர் போட்ட சின்ன சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். மணிக்கு இவ்வளவு என்று காசு. ஐந்து நிமிஷம் லேட்டானாலும் அரை மணிக் கணக்கு. சீட்டுக்குக் கால் எட்டாத பையன் பாருக்கு அடியில் காலை விட்டு மிதித்தால் அது குரங்கு பெடல். (2024-ல் இதே பெயரில் ஒரு சினிமாவே வந்தது. வாடகை சைக்கிளுக்கு ஏங்குகிற பையனின் கதைதான்.) இருட்டில் லைட் இல்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் பிடித்து வீல் காற்றைப் பிடுங்கிவிடுவார். முனிசிபாலிட்டி லைசென்ஸ் வில்லை வேறு. இத்தனை கெடுபிடியிலும் பையன்கள் ஊரை அளந்தார்கள். திருப்பரங்குன்றம் எட்டு கிலோமீட்டர். கீழக்குயில்குடி சமணர் மலை. ஒத்தக்கடை யானைமலை. தெம்பு இருந்தால் அழகர்கோயில், 21 கிலோமீட்டர். போய் என்ன செய்தார்கள்? ஒன்றும் இல்லை. சும்மா போனார்கள். திரும்பி வந்தார்கள்.

அந்த 'ஒன்றும் இல்லை'யில்தான் ஒரு ஊர் அவனுக்குச் சொந்தமாயிற்று. எந்தக் கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, எந்தச் சந்து எங்கே முடிகிறது, எந்த டீக்கடையில் கடன் தருவார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அதே தெருவில் பிறந்த அக்காவுக்கு வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை தெரியும். கோயில் வரை தெரியும். மீதி மதுரை அவளுக்கு வெளியூர்.

சைக்கிள் ஏறினால் என்னவாம்? கேட்டால் ஆயிரம் காரணம். பாவாடை சங்கிலியில் மாட்டும். நடுவில் பார் இருக்கிறது. உடம்புக்கு ஆகாது. நாலு பேர் என்ன சொல்வார்கள்?

இது நம்மூர் வியாதி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1890-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் சைக்கிள் ஏறியபோது, பேலன்ஸ் பண்ணிப் பண்ணி முகமே கோணிப்போகும் என்று டாக்டர்களே எழுதினார்கள். 'சைக்கிள் முகம்' என்று அதற்கொரு பெயர் வேறு. 1897-ல் கேம்பிரிட்ஜில் பெண்களுக்கும் முழுப் பட்டம் தரலாமா என்று ஓட்டெடுப்பு நடந்தது. எதிர்த்த மாணவர்கள் ஒரு கொடும்பாவி கட்டித் தெருவில் தொங்கவிட்டார்கள். என்ன கொடும்பாவி தெரியுமா? சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் பெண். படிப்பை எதிர்க்கக் கிளம்பியவர்களுக்குப் புத்தகம் வைத்திருக்கும் பெண்ணைச் செய்யத் தோன்றவில்லை. அவர்கள் எதைக் கண்டு நிஜமாகவே பயந்தார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். அந்த ஓட்டெடுப்பில் பெண்கள் தோற்றார்கள். கேம்பிரிட்ஜ் முழுப் பட்டம் தந்தது 1948-ல்.

இப்போது புதுக்கோட்டைக்குப் போகலாம்.

1991. வறண்ட ஜில்லா. கல் குவாரியும் மானாவாரியும் பிழைப்பு. அறிவொளி இயக்கம் கிராமம் கிராமமாக எழுத்தறிவு வகுப்பு நடத்தத் தொடங்கியது. சொல்லிக்கொடுக்கப் போகிற தொண்டர்களில் ஏராளமானோர் பெண்கள். வகுப்பு ராத்திரியில். பஸ் இல்லை. நடந்துதான் போக வேண்டும். கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அவருக்கு ஓர் எளிய யோசனை தோன்றியது. எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தால் என்ன? சைக்கிள் வாங்கக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்.

விடுமுறை நாட்களில் மைதானங்களில் சைக்கிள் பயிற்சி முகாம். திருவிழாவுக்குப் போகிற மாதிரி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார்கள். விழுந்தார்கள். எழுந்தார்கள். ஆண்கள் கேலி பேசினார்கள், கொச்சையாகவும் பேசினார்கள். பெண்கள் மிதித்துக்கொண்டே இருந்தார்கள். சைக்கிள் கற்க வரச்சொல்லிப் பாட்டே கட்டினார்கள். 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500 பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டே புதுக்கோட்டை நகரத்துக்குள் நுழைந்தார்கள். ஊர் வாய் பிளந்து நின்றது. பத்திரிகையாளர் சாய்நாத் நேரில் போய்ப் பார்த்து இதை விரிவாக எழுதினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்பது அவர் தந்த கணக்கு. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடே வந்துவிட்டது. காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். காலங்காலமாகத் தடையென்று சொல்லப்பட்ட அந்த நடு பார் இருக்கிறதே, அதில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள்!

பலன் என்ன? தண்ணீர் எடுக்கும் நேரம் குறைந்தது. விளைந்ததைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய் விற்க முடிந்தது. பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்திருப்பது போயிற்று. இதெல்லாம் அறிக்கைகளில் ஏறியது. ஆனால் அறிக்கையில் ஏறாத ஒன்று உண்டு. வேலை முடிந்தபின், சைக்கிள் கையில் இருக்கிறதே என்பதற்காக, ஒரு பெண் ஊர்க்கோடி வரை மிதித்துப் போய்த் திரும்பியிருப்பாள் அல்லவா? அதை எந்த அதிகாரி எந்தக் கட்டத்தில் எழுத முடியும்?

பிறகு நடந்ததும் தெரிந்த கதைதான். 2001-02-ல் தமிழக அரசு பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்தது. அப்புறம் எல்லா மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. 2006-ல் பீகார் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் தந்தது. உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்வது 32 சதவிகிதம் கூடியது என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். 2021 மே மாதம் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்றது மாநிலத் திட்டக்குழு.

எல்லாம் நல்ல காரியம். சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? பள்ளிக்கூடம், சந்தை, வேலை, மிச்சப் பணம். ஒவ்வொரு முறையும் பெண் வெளியே போவதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. அன்றைக்குச் சாமி கையெழுத்துப் போட்ட சீட்டில் இன்றைக்கு அரசாங்கம் போடுகிறது. சீட்டு மட்டும் போகவில்லை.

கடைசியாக ஒரு கணக்கு. மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிடுவது 289 நிமிஷம். அதே வேலையைச் செய்யும் ஆண்கள் 88 நிமிஷம். வித்தியாசம் 201 நிமிஷம். சாவகாசமாக மிதித்தால் சைக்கிள் மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் போகும். பெருக்கிப் பாருங்கள். மதுரையிலிருந்து அழகர்கோயில் போய்த் திரும்பிவிடலாம். தினமும்.

உங்கள் வீட்டில் யாராவது ஆறு மணிக்கு வாசலில் நின்று, "சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்" என்றால், ஐந்து கேள்வியில் நாலைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கேட்கலாம்.

"டயர்ல காத்து இருக்கா?"