சிவப்புப் பள்ளியோடு திரும்பிவிடாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் போனைப் பார்த்துப் பார்த்து நடக்கும் வெள்ளைக்காரர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். சிவப்புப் பள்ளிக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். தொழுகை நேரம் இல்லையென்றால் உள்ளேயும் போய்ப் பார்ப்பார்கள். பிறகு ஒரு திரீவீல் பிடித்து கங்காராம விகாரைக்கோ காலிமுகத்திடலுக்கோ போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. நம் பிள்ளைகளும் அதே கதைதான். வெள்ளவத்தையில் வளரும் பிள்ளைக்குப் புறக்கோட்டை என்றால் பெருநாள் உடுப்பு. கொட்டாஞ்சேனை என்றால் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஒரு பெயர்.

கடந்த விடுமுறையில் நாங்கள் சில ஆசிரியர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தை ஸ்டேஷனில் கோச்சி ஏறி, கோட்டையில் இறங்கி, கொட்டாஞ்சேனை வரை நடந்தோம். வழிகாட்டி யாரும் இல்லை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி: கொழும்பில் சோனகத் தெரு ஏன் அந்த இடத்தில் இருக்கிறது?

முதலில் சிவப்புப் பள்ளி. ஜாமிஉல் அல்ஃபார் என்பது பெயர். பழையவர்கள் சம்மாங்கோட்டுப் பள்ளி என்பார்கள். சம்மான்காரர் என்று அழைக்கப்பட்ட இந்தியக் கரையோர முஸ்லிம் வணிகர்களின் பள்ளி அது. 1908இல் கட்டத் தொடங்கி 1909இல் முடித்தார்கள். வரைந்து கட்டியவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. கட்டடக் கலையில் பட்டமோ அனுமதிப் பத்திரமோ இல்லாத மனிதர். மாதுளம்பழத்தைப் பிளந்தது போன்ற அந்தச் சிவப்பும் வெள்ளையும் இன்று உலகம் முழுக்கப் படமாகச் சுற்றுகிறது. ஆனால் பிள்ளைகளிடம் நாங்கள் சொன்ன விடயம் வேறு. இது பழைய பள்ளி அல்ல. இதே இடத்தில் இருநூறு வருடங்களுக்கு முன்னால் நம்மவர் ஒருவர் சொந்தமாக ஒரு வீடு வாங்கியிருக்கவே முடியாது.

1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர், கோட்டைக்குள்ளும் புறக்கோட்டைக்குள்ளும் சோனகர் வீடு வளவு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். பகலில் வியாபாரம் செய்யலாம், சொந்தமாகக் குடியிருக்க முடியாது. 1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள். வந்தவுடன் அந்தச் சட்டத்தை எடுத்துவிடவில்லை. 1832இல்தான் அது நீங்கியது. நம் சமூகத்தில் எத்தனை பேருக்கு இந்த வருடம் தெரியும்? பாடசாலையில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாங்களும் இத்தனை காலம் சொல்லிக் கொடுக்கவில்லை, அது எங்கள் பிழை.

அங்கிருந்து மெயின் வீதியால் நடந்தால் நான்காம் குறுக்குத் தெருச் சந்தியில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. கெய்மன் கேட் என்பார்கள். ஒல்லாந்த மொழியில் முதலைக்குச் சொல்லும் பெயர் அது. அப்போது அகழியிலும் பேர வாவியிலும் முதலைகள் இருந்தன. பழைய நகரத்தின் வாசல் இங்கேதான் இருந்தது. இன்று தள்ளுவண்டிகளுக்கும் நாட்டாமைகளின் சத்தத்துக்கும் நடுவில் அந்த மணியை நிமிர்ந்து பார்ப்பவர் இல்லை. பிள்ளைகளை அதன் அடியில் நிறுத்தி, "இதோடு ஊர் முடிஞ்சது. இதுக்கு வெளியிலதான் நம்மட ஆட்கள்" என்றோம்.

அந்த வாசலுக்குப் பக்கத்திலேயே பழைய நகர மண்டபம் இருக்கிறது. 1873இல் கட்டப்பட்டது. கட்டியவர் அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார். அவர் பிறந்தது 1829. அதாவது அவர் பிறந்தபோது அந்தத் தடை இன்னும் இருந்தது. சோனகர் வாழக் கூடாது என்றிருந்த நகரத்தின் வாசலிலேயே, அந்த நகரத்தை ஆளும் மண்டபத்தை ஒரு சோனகர் கட்டி எழுப்பினார். 1877இல் திறந்த நூதனசாலையும் அவர் கைவேலைதான். திறப்பு விழாவில் ஆளுநர் கிரகரி, என்ன வெகுமதி வேண்டும் என்று கேட்க, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைத்தால் போதும் என்று அவர் சொன்னதாக நம் பெரியவர்கள் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1892இல் மருதானையில் சாஹிரா தொடங்கியபோது சித்திலெப்பையோடும் ஒராபி பாஷாவோடும் நின்றவரும் இவரே. கல்லூரியைத் தெரிந்த பிள்ளைக்கு இந்த மண்டபத்தைத் தெரியாது. வெளிச்சுவர் சந்தைச் சாமான்களால் மறைந்து கிடக்கிறது.

வாசலைத் தாண்டினால் பழைய சோனகத் தெரு, புதிய சோனகத் தெரு. ஆணி, பெயின்ட், இரும்புச் சாமான்களின் வாசம். அவசரமாகப் போகிறவருக்குப் பார்க்க எதுவும் இல்லை என்றுதான் தோன்றும். கொழும்பு பெரிய பள்ளிவாசல் இருப்பது இங்கேதான். 1820களில் அதைப் புதுப்பித்துக் கட்டியவர் மலாய் சமூகத்தைச் சேர்ந்த முகம்மது பலங்காயா. சிவப்புப் பள்ளியைவிட ஏறத்தாழ எண்பது வருடம் மூத்தது. வெளிநாட்டவரின் பட்டியல்களில் அதைக் காண்பது அரிது. நகரத்துக்கு வெளியே நில் என்று சொல்லப்பட்ட காலத்தில், அந்த வெளியிலேயே எழுந்த பள்ளி அது. அங்கே ஒளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது எங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்திருந்தது.

மீதிப் பாதி வடக்கே இருந்தது.

மேட்டில் ஏறினால் வுல்பெண்டால் தேவாலயம். ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள். இலங்கையில் ஓநாய் ஏது, நரியைத்தான் கண்டிருப்பார்கள். 1749இல் தொடங்கி 1757இல் முடித்தார்கள். கோட்டைக்குள் புதைத்திருந்த ஒல்லாந்த ஆளுநர்களின் எலும்புகளை 1813இல் இங்கே கொண்டுவந்தார்கள். தரையில் அவர்களின் கல்லறைக் கற்கள். சுவரின் தடிப்பைப் பிள்ளைகள் கை விரித்து அளந்தார்கள். சோனகருக்கு இடமில்லை என்று சொன்ன ஆட்சிக்காரர்கள் கடைசியில் சோனகத் தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில் வந்து கிடக்கிறார்கள் என்று ஒரு ஆசிரியர் சொன்னார். சிரித்தோம்.

அங்கிருந்து செட்டியார் தெருவுக்கு இறங்கினோம். தங்கக் கடைகளும் கதிரேசன் கோயில்களும் அடுத்தடுத்து. ஆடிவேல் புறப்படும் தெரு. பிறகு கடல் பக்கமாகக் கொச்சிக்கடை.

கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் அந்த இடத்தில் இருப்பதற்கும் அதே ஒல்லாந்தர்தான் காரணம். கத்தோலிக்கக் குருமாருக்கும் அவர்கள் தடை போட்டார்கள். கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு வியாபாரி வேடத்தில் ஒளிந்து திரிந்தார், கரையோர மீனவர்கள் அவரைக் காப்பாற்றினார்கள் என்பது அங்கே சொல்லப்படும் வரலாறு. சோனகத் தெருவும் கொச்சிக்கடையும் அயலாய் அமைந்தது தற்செயல் இல்லை. உள்ளே இடமில்லாதவர்கள் எல்லோரும் வெளியே பக்கத்துப் பக்கத்தில் குடியேறினார்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இந்தத் திருத்தலத்தில் வெடித்த குண்டும் அன்று மற்ற இடங்களில் வெடித்தவையும் 250க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. செய்தவர்கள் நம் பெயர்களைச் சுமந்தவர்கள். அதற்கு முன்னால் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே போகும் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். அது மார்க்க ரீதியாகச் சரியா என்பது வேறு விடயம், அதை இங்கே பேச வரவில்லை. உண்மையைச் சொன்னால், அன்றைக்குப் பிறகு எங்களில் ஒருவரும் அந்தப் பக்கம் கால் வைத்திருக்கவில்லை.

வாசலில் பைகளைச் சோதிக்கிறார்கள். எங்களோடு வந்த, ஸ்காஃப் போட்ட பத்து வயதுப் பிள்ளை நின்றுவிட்டாள். "டீச்சர், நாங்க உள்ளுக்குப் போனா ஏசுவாங்களா?" பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. வாசலில் நின்ற காவலாளி அவள் பையைத் திறந்து பார்த்து, தண்ணீர்ப் போத்தலை மூடி இறுக்கிக் கொடுத்து, "போங்க மகள்" என்றார். உள்ளே இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவுக் கல் இருக்கிறது. பிள்ளை ஒவ்வொரு பெயராக எழுத்துக் கூட்டி வாசித்தாள். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

கொஞ்சம் தள்ளிப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில், 1907 முதல் 1912 வரை சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பியது. வெயிலில் வந்தவர்களுக்கு அந்தக் கல்லின் குளிர்ச்சியே பெரிய உபசாரம். பிறகு புனித லூசியா பேராலயம், அதற்கு அயலில் தீபதுத்தாராமய. 1883 மார்ச் 25, அதுவும் ஓர் உயிர்த்த ஞாயிறு. இந்த விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலம் பேராலயத்துப் பக்கம் தாக்கப்பட்டுப் பெரிய கலவரமானது. நீதி கேட்டு ஒல்கொட் 1884இல் லண்டன் போனார். 1885இல் வெசாக் விடுமுறை நாளானது. அதே ஏப்ரல் 28இல் பௌத்த கொடியை மிகெட்டுவத்தே குணானந்த தேரர் இந்த விகாரையில் ஏற்றினார். கோட்டை ஸ்டேஷனுக்கு முன்னால் நிற்கிறதே ஒல்கொட் சிலை, காலையில் அதைக் கடந்துதான் நடையைத் தொடங்கினோம். அப்போது ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை. விகாரை வாசலில் கதையைக் கேட்டபிறகு, "அந்தத் தாடிக்காரரா?" என்றார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஞாயிறு காலை ஏழு மணிக்கே தொடங்குங்கள். புறக்கோட்டைக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும், பழைய கட்டடங்கள் கண்ணுக்குத் தெரியும். தேவாலயங்களில் அன்று ஆராதனை நேரம் என்பதால் வாசலில் கேட்டுவிட்டு நுழையுங்கள். நின்று நின்று பார்த்தால் நான்கு மணித்தியாலம் பிடிக்கும். தண்ணீர், தொப்பி, கழற்ற இலகுவான செருப்பு. பெரிய பள்ளிவாசலில் கொஞ்சம் இளைப்பாறலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டைக்குத் திரும்ப பஸ் இருக்கிறது. ளுஹருக்குள் வெள்ளவத்தைக்கு வந்துவிடலாம்.