ரோஜர்

வாக்கி-டாக்கியில் ஒருவர் சொல்லி முடித்ததும் மறுமுனை "ரோஜர்" என்கிறது. ஆள் பெயர் போலிருந்தாலும், இது ஓர் எழுத்துக்காக நிற்கும் சொல். மோர்ஸ் தந்தியில் 'கிடைத்தது' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து 'ஆர்' மட்டும், புள்ளி-கோடு-புள்ளியாகத் தட்டப்படும். ஹாம் வானொலிக்காரர்கள் இன்றும் அப்படித்தான் தட்டுகிறார்கள். குரல்வழி வானொலி வந்தபின், இரைச்சலில் எழுத்துகள் குழம்பாதிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைகளின் பட்டியலில் 'ஆர்' எழுத்துக்கு வாய்த்தது ரோஜர். பிரிட்டிஷ் விமானப்படை முதலில் ராபர்ட் என்று வைத்திருந்தது. 1956-இல் அந்த இடம் ரோமியோவுக்குப் போனது. ஆனாலும் யாரும் "ரோமியோ" என்று பதில் சொல்வதில்லை, நல்லவேளை!

பலரும் ரோஜரை 'ஆமாம்', 'சரி' என்றே எடுத்துக்கொள்கிறார்கள். விமானப் போக்குவரத்து விதிப்படி, கடைசியாகச் சொன்னது முழுவதும் கிடைத்தது என்பது மட்டுமே பொருள். ஆமா இல்லையா என்ற கேள்விக்கு ரோஜர் விடையாகாது. சொன்னபடி செய்வேன் என்பதற்கு 'வில்கோ' உண்டு. கிடைத்தது என்பதும் அதிலேயே அடங்கிவிடுவதால், சினிமாவில் வரும் "ரோஜர், வில்கோ" வெறும் கூறியது கூறல். அமெரிக்க நெடுஞ்சாலை லாரி ஓட்டுநர்கள் சிபி ரேடியோவில் ரோஜருக்குப் பதிலாக "டென்-ஃபோர்" என்பார்கள். அது காவல்துறை எண்குறியீட்டிலிருந்து வந்தது.